ஒரு கோட்டை, நான்கு படிப்புகள்: அரசியல் அறிவியலை யார் எடுக்கலாம்?

அரசியல் அறிவியல் படித்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த வேலை நம் நாட்டில் மிகக் குறைவு. பள்ளியிலும் கல்லூரியிலும் அந்தப் பாடத்தையே நடத்தும் ஆசிரியர் பணியை விட்டால், அடுத்த ஒன்றைச் சொல்ல நெற்றியைச் சுருக்க வேண்டியிருக்கும். ஐ.ஏ.எஸ். தேர்வை விலங்கியல் படித்தவரும் எழுதலாம், பொறியியல் படித்தவரும் எழுதலாம். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளும் பெரும்பாலும் அப்படித்தான். தேர்தலில் நிற்கப் பட்டமே தேவையில்லை; பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத காமராஜர் ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேச்சு கேட்கும். "பொலிட்டிகல் சயின்ஸ் எடு, நேரா கலெக்டர் ஆயிடலாம்" என்பார் ஒரு மாமா. "அரசியல் படிச்சு எம்.எல்.ஏ. ஆகப் போறியா?" என்று சிரிப்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செஞ்சியிலிருந்து வடக்கே சற்றுத் தள்ளி இருக்கும் சிங்கவரத்தில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கலைப் பிரிவில் படித்தவர், அல்லது அறிவியல் பிரிவில் படித்து அதில் மனம் ஒட்டாதவர். செய்தித்தாளை முன்பக்கத்திலிருந்து படிக்கிறார். ஊராட்சித் தலைவர் பதவி ஏன் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் செஞ்சி ஏன் ஆரணி நாடாளுமன்றத் தொகுதிக்குள் கிடக்கிறது என்பது போன்ற கேள்விகள் அவருக்கு வருகின்றன. அவர் முன்னால் நான்கு படிப்புகள் இருக்கின்றன: வரலாறு, அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சட்டம். இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். அவை கேட்கும் கேள்விகளே வேறு. அதைக் காட்ட ஊரைவிட்டு வெளியே போக வேண்டாம், செஞ்சிக் கோட்டையே போதும்.

ஒரே மலை, நான்கு கேள்விகள்

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். 1689இல் மராட்டியத் தலைநகர் ராய்கட்டை மொகலாயர் முற்றுகையிட்டபோது, சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி வந்து செஞ்சியிலிருந்து அரசாண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தபோது 1698 ஆகியிருந்தது. அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார்.

வரலாறு படிக்கும் மாணவர் இங்கே கேட்பது: என்ன நடந்தது, எப்போது, அதற்கு எந்த ஆவணம் சான்று? எட்டு ஆண்டு முற்றுகை பற்றி மராட்டியர் எழுதியது என்ன, மொகலாயர் எழுதியது என்ன, பிரெஞ்சுக்காரர் குறிப்பு எங்கே முரண்படுகிறது? செஞ்சியை ஆண்டு, 1714இல் போரில் மடிந்த ராஜா தேசிங்கின் கதையில் எது நடந்தது, எது கதைப்பாடல் சேர்த்தது? போருக்குப் போகுமுன் தேசிங்கு உத்தரவு கேட்டபோது சிங்கவரத்துப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். குடைவரைக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதரின் முகத்தைக் காட்டியே சொல்வார்கள். அந்தக் குடைவரை பல்லவர் காலத்தது, தேசிங்குக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பது வரலாற்று மாணவரின் வேலை.

அரசியல் அறிவியல் மாணவருக்கு ஆண்டுகள் முக்கியம்தான், ஆனால் அவர் அங்கே நிற்கமாட்டார். தலைநகரை இழந்து, பல நூறு கல் தள்ளி, வேற்றுமொழி பேசும் மண்ணில் வந்து உட்கார்ந்த ஒருவரை எப்படி 'அரசர்' என்று மற்றவர்கள் ஏற்றார்கள்? அரசு என்பது நிலமா, ஆளா, வரி வசூலிக்கும் திறனா, படைக்குச் சம்பளம் கொடுக்கும் திறனா? ராஜாராம் மராட்டியத் தலைவர்களுக்கு நில உரிமைகளை வாரி வழங்கி அவர்களைத் தன் பக்கம் நிறுத்தினார்; விசுவாசம் விலைக்கு வாங்கப்பட்டால் அந்த அரசு பின்னால் எப்படி மாறும்? தேசிங்கு விஷயத்திலும் அப்படித்தான். ஆர்க்காட்டு நவாப் திறைப் பாக்கி கேட்டார், தேசிங்கு மறுத்தார். வீரக் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். டெல்லியின் பிடி தளர்ந்த காலத்தில் வரி கேட்கும் உரிமை யாருக்கு என்ற தகராறு அது. இதே கேள்வியை இன்றைய ஜி.எஸ்.டி. பங்கீட்டிலும் கேட்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும்.

பொது நிர்வாக மாணவர் 2025க்கு வந்துவிடுவார். அந்த ஆண்டு ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று செஞ்சி. இனிக் கூட்டம் வரும். வண்டி நிறுத்த இடம் யார் கொடுப்பது? கழிப்பறை யார் கட்டுவது? குப்பை யார் அள்ளுவது? கோட்டை மத்திய அரசின் தொல்லியல் துறையிடம், சுற்றுலா மாநில அரசிடம், தெரு பேரூராட்சியிடம், இவர்கள் எல்லோரையும் கூட்டிப் பேச வைப்பது மாவட்ட ஆட்சியரிடம். செலவு ஒருவருக்கு, வருமானம் இன்னொருவருக்கு. இந்த முடிச்சை அவிழ்க்கும் ஆர்வம் இருப்பவருக்கு உரியது பொது நிர்வாகம்.

சட்டம் படிப்பவர் வேலியைப் பார்ப்பார். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010இல் வந்த திருத்தம் அது. அந்த எல்லைக்குள் பாட்டன் வீடு வைத்திருப்பவர் மேல்மாடி எடுக்க நினைத்தால் யாரிடம் போவார், மறுத்தால் எந்த நீதிமன்றத்தில் நிற்பார்?

நான்கில் எந்தப் பத்தியைப் படிக்கும்போது உங்களுக்கு மேலும் கேட்கத் தோன்றியதோ, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் கணக்கு அடுத்துதான்.

வகுப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்

இளங்கலை அரசியல் அறிவியல் மூன்று ஆண்டு. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக் என்று மேற்கத்திய அரசியல் சிந்தனை, கௌடில்யர், காந்தி, அம்பேத்கர் என்று இந்தியச் சிந்தனை, இந்திய அரசமைப்பு, இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு போன்ற நாடுகளின் ஆட்சிமுறை ஒப்பீடு, பன்னாட்டு உறவுகள், கொஞ்சம் பொது நிர்வாகம், தமிழ்நாட்டு அரசியல். கட்சி மேடைப் பேச்சுக்கும் இதற்கும் தூரம் அதிகம். அரசியல் விவாதங்களில் கலக்கும் பையன்கள் சிலர் ஹாப்ஸ் வந்ததும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவதைக் கல்லூரி ஆசிரியர்கள் சொல்லக் கேட்கலாம். எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு வாதத்தை அதன் வலுவான வடிவில் எழுதிக் காட்டுவதுதான் இங்கே தேர்வு. கட்சி அபிமானம் உள்ளவருக்கு அது எளிதில் கைவராது.

தமிழ்நாட்டு அரசியலைப் பற்றி உலகம் மதிக்கும் ஆய்வு நூல்கள் பலவற்றை வெளிநாட்டு அரசியல் அறிவியலாளர்கள்தான் எழுதினார்கள். ராபர்ட் ஹார்டுகிரேவ் நாடார் சமூகத்தைப் பற்றி 1969இல் எழுதினார்; மார்கரீட் ராஸ் பார்னெட் திராவிட இயக்கத்தின் பண்பாட்டுத் தேசியம் பற்றி 1976இல் எழுதினார். நம் ஊர்த் தேர்தலைப் புரிந்துகொள்ள அவர்கள் நூலைத் தேட வேண்டியிருப்பது ஒரு குறை. இந்தப் படிப்பில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சியும்கூட.

இந்தத் துறையின் பலத்துக்கும் எல்லைக்கும் நல்ல எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. ஏ. ஜெயரத்தினம் வில்சன் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் அரசியல் அறிவியல் பேராசிரியர்; தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மருமகன். இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் நடுவில் அரசமைப்பு யோசனை சொல்லும் இடத்தில் இருந்தார். அப்போது அவர் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்தார்; பின்னர் தன் நாடு ஏன் உடைந்தது என்று நூல் எழுதினார். ஆட்சியாளர் காதருகே உட்காரும் தகுதியைப் படிப்பு அவருக்குத் தந்தது. காது கொடுத்தவர்கள் கேட்டபடி நடக்கவில்லை.

ஆசிரியர் வேலைதான் குறி என்றால் வரலாறு

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். பல குடும்பங்கள் தாமதமாகத் தெரிந்துகொள்ளும் செய்தி இது.

பி.ஏ. வரலாறு முடித்தவர் நேரே பி.எட். சேர்ந்து, பட்டதாரி ஆசிரியராகச் சமூக அறிவியல் நடத்தும் தகுதியைப் பெறலாம். பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்தவருக்குத் தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கையில் அந்த வழி இல்லை. பொருளியல், வணிகவியல் போல இதிலும் முதுகலை முடித்த பிறகே பி.எட். எம்.ஏ., பி.எட். இரண்டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம். அதில் அரசியல் அறிவியல் ஒரு பாடம்தான், ஆனால் அந்தப் பாடம் நடக்கும் பள்ளிகள் குறைவு. அறிவிக்கப்படும் இடங்களும் சொற்பம். உங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அரசியல் அறிவியல் பிரிவு இருந்ததா என்று யோசித்தாலே நிலைமை புரியும். ஆக, "படித்து முடித்ததும் டீச்சர் வேலை" என்பது வீட்டின் எண்ணமாக இருந்தால் வரலாறு எடுங்கள். விதிகள் மாறக்கூடும், சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும்; போட்டியில் நிற்கப் பிஎச்.டி.யும் இருந்தால் நல்லது. நெட் தேர்விலேயே இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆராய்ச்சியைக் கட்டுப்படியாக்கும் வாசல் அந்தத் தொகைதான். அதைத் தவறவிட்டவர்கள் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காத்திருப்பதும் உண்மை. இந்த வழியில் போகிறவர் முப்பது வயது வரை பொறுத்திருக்க வீடு சம்மதிக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வக்கீல் ஆவது உறுதி என்றால் சுற்றிப் போக வேண்டாம்

வழக்கறிஞர் ஆவது என்று பதினேழு வயதிலேயே தெளிவாக இருப்பவர் பி.ஏ. அரசியல் அறிவியலில் மூன்று ஆண்டும், பிறகு சட்டத்தில் மூன்று ஆண்டும் செலவிட வேண்டியதில்லை. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பிலேயே அரசியல் அறிவியல் பாடமாக வருகிறது. விழுப்புரத்தில் 2017இலிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். மாநிலச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. நுழைவுத் தேர்வு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேறு வகை. அதற்குக் கிளாட் நுழைவுத் தேர்வு, ஆங்கிலம், கூடுதல் கட்டணம்.

தெளிவு வராதவர்களுக்கு மூன்று ஆண்டு பி.ஏ. நல்ல இடைவழி. எந்தப் பட்டம் முடித்தாலும் பொதுவாக 45 விழுக்காடு, பட்டியல் வகுப்பினர் என்றால் 40 விழுக்காடு இருந்தால் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். கதவு மூடிப்போவதில்லை, ஓராண்டு கூடுகிறது, அவ்வளவுதான்.

ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வருமானம் கம்மி. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், பிற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்ற நிலை 2024இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்தது. சேரப்போகும் சீனியரிடம் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

போட்டித் தேர்வுக்காக எடுக்கிறவர்கள்

பெரும்பாலோர் இந்தப் படிப்புக்கு வருவது இதற்காகத்தான். யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் பொது அறிவின் இரண்டாம் தாள் பெரும்பாலும் அரசமைப்பு, ஆட்சி நிர்வாகம், பன்னாட்டு உறவு. விருப்பப் பாடமாக 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். நேர்காணலையும் சேர்த்த மொத்தம் 2025 மதிப்பெண். ஆகக் கல்லூரியில் ஒழுங்காகப் படித்தவருக்குக் கணிசமான பாரம் முன்பே இறங்கியிருக்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளிலும் இந்திய ஆட்சியியல் ஒரு முக்கியப் பகுதி. ஆனால் அவற்றில் வரலாறும் பொருளாதாரமும் திறனறித் தேர்வும் சேர்ந்தே வரும். ஆட்சியியல் மட்டும் தெரிந்தவர் தேற மாட்டார்.

மேடு எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரை எடுக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் பல லட்சம். பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள குரூப் 4 தேர்வுக்கே 2024இல் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முதல்நிலைத் தேர்வை யூ.பி.எஸ்.சி. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்துகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்.

உதவி இல்லாமலில்லை. நான் முதல்வன் திட்டத்தில் மாநில அரசு தேர்வு வைத்து ஆண்டுக்கு ஆயிரம் பேரை எடுத்து, யூ.பி.எஸ்.சி. முதல்நிலைக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் தருகிறது. முதல்நிலை தேறியவர்களுக்கு 25,000 ரூபாய். சென்னையில் அரசே நடத்தும் குடிமைப் பணிப் பயிற்சி மையமும் இருக்கிறது. தனியார் கோச்சிங்குக்கு நிலத்தை அடகு வைக்குமுன் இவற்றை முயன்று பாருங்கள்.

என் யோசனை ஒன்று. முதலாண்டிலேயே குரூப் 4 எழுதத் தொடங்குங்கள். இளநிலை உதவியாளர் பணிக்கு அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். துணை ஆட்சியருக்கு 56,100. கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு மேல்படிக்குப் படித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வேலையே இல்லாமல் ஐந்து ஆண்டு படித்துக்கொண்டிருப்பதை வீடும் தாங்காது, மனமும் தாங்காது.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

எந்தக் கல்லூரி என்பதற்கு முன்னால் இதைத் தீர்மானியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010இல் வந்த சட்டம். 2020இல் திருத்தி இறுக்கினார்கள். இப்போது பள்ளியிலிருந்து அந்தப் பணிக்கான கல்வித் தகுதி வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்த சிங்கவரத்துப் பிள்ளை, "காலேஜ்ல இங்கிலீஷ் மீடியம்தான் கெத்து" என்ற பேச்சைக் கேட்டுப் பட்டப் படிப்பை ஆங்கிலவழிக்கு மாற்றினால், குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் அந்த 20 விழுக்காட்டைத் தன் கையாலேயே விட்டுவிடுகிறார்.

டெல்லி, ஆய்வு, பன்னாட்டு அமைப்புகள், ஆங்கில இதழியல் என்று போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். இந்தத் துறையின் நூல்களில் பெரும்பங்கு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் தரமான பாடநூல் குறைவு. அவருக்கு ஆங்கிலவழிதான் சரி. மாநிலப் பணியா, வெளியுலகமா என்று முடிவு செய்யாமல் மொழியை மட்டும் முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் வாசல் வேண்டும் என்பவருக்கு என் தீர்ப்பு: பட்டம் தமிழ்வழியில், தினம் ஒரு ஆங்கில நாளிதழ் தலையங்கம்.

எங்கே படிப்பது

செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனம் – திருவண்ணாமலை பாதை ஒப்புதல் வாங்கியும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. (அது ஏன் இழுக்கிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.) ஆகவே தினம் போய் வரும் தூரம் என்றால் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை. மூன்றிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எல்லா அரசுக் கல்லூரியிலும் அரசியல் அறிவியல் துறை கிடையாது. வரலாறு அதைவிடப் பரவலாகக் கிடைக்கும். அரசுக் கல்லூரிகளுக்கான இணையக் கலந்தாய்வுப் பட்டியலில் பாடவாரியாகப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது பெரிய தொகை.

சென்னைக்குப் போக முடிந்தால் மாநிலக் கல்லூரியும் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியும் இந்தப் பாடத்துக்குப் பேர் பெற்றவை. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஊராட்சி நிர்வாகத்தில் ஆர்வம் என்றால் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே அரசியல் அறிவியலையும் வளர்ச்சி நிர்வாகத்தையும் ஒரே துறையில் வைத்திருக்கிறார்கள். தமிழில் பஞ்சாயத்து ராஜ் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் க. பழனித்துரை அங்கே பேராசிரியராக இருந்தவர்.

புதுச்சேரி நமக்கு அருகில்தான். ஆனால் அங்குள்ள அரசுக் கல்லூரிகளின் இடங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றியப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கே. காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம் அப்படியல்ல. அரசியல், பன்னாட்டு ஆய்வுத் துறையில் முதுகலைக்கு நாடு முழுவதிலிருந்தும் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி வருகிறார்கள். செஞ்சிப் பிள்ளைக்கு டெல்லியின் பாதித் தரத்தை வீட்டுக்கு அருகிலேயே தரும் இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதி என்பதுகூடக் குறைத்துச் சொன்னது.

டெல்லி, ஹைதராபாத் இரண்டிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, தங்குமிடமும் சாப்பாடும்தான் செலவு. டெல்லிப் பல்கலைக்கழகம் 2022இலிருந்து கியூட் மதிப்பெண்ணில் சேர்க்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆனால் வகுப்பு தமிழில் இருக்காது. முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டும். தாண்டினால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஜே.என்.யூ.வில் இந்தப் பாடம் முதுகலையில்தான் தொடங்குகிறது. இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் அங்கேதான் அரசியல் அறிவியலில் முதுகலையும் பன்னாட்டு உறவில் முனைவர் பட்டமும் வாங்கினார். இளங்கலையில் அவர் படித்தது வேதியியல். லட்சங்களில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களை உதவித்தொகை எழுத்தில் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவருக்கு இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இக்னோவின் பாடப் புத்தகங்கள் நன்றாக எழுதப்பட்டவை. மற்றக் கல்லூரிகளில் படிப்பவர்களும் அவற்றை வாங்கிப் படிக்கிறார்கள்.

அதிகம் பேசப்படாத வேலைகள்

கலெக்டர், வக்கீல், வாத்தியார் தாண்டியும் வழி உண்டு; அகலம்தான் குறைவு. பி.ஆர்.எஸ். என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் இளம் பட்டதாரிகளை எம்.பி.க்களுக்குச் சட்ட ஆய்வு உதவியாளர்களாகச் சுமார் ஓராண்டு அனுப்புகிறது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு ஆண்டு அரசுத் துறைகளோடு வேலை செய்ய வைக்கிறது. கலைப் பாடம் படித்தவர் முதுகலையில் முதல் வகுப்பு வாங்கியிருக்க வேண்டும், தமிழும் தெரிய வேண்டும். லோக்நீதி போன்ற ஆய்வு அமைப்புகள் தேர்தல் காலத்தில் கணக்கெடுப்புக்குக் கல்லூரி மாணவர்களை எடுக்கின்றன. கூலி பெரிதல்ல, வாக்காளர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்கும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. கட்சிகளுக்கு வியூகம் வகுக்கும் நிறுவனங்களும் இப்போது ஒரு வேலைச் சந்தை. 2021 தேர்தலில் தி.மு.க.வுக்கு ஐ-பேக் வேலை செய்தது நினைவிருக்கும். அங்கே சம்பளம் சுறுசுறுப்பாக வரும், தேர்தல் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடலாம். எக்செல் தெரிந்த அரசியல் மாணவருக்கு இந்த இடங்களில் மதிப்பு. தெரியாதவர் கூட்டத்தில் ஒருவர். பட்டத்தோடு புள்ளியியல் ஒரு பாடமாவது எடுங்கள்.

அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் சேர்த்துத்தான் முதுகலை படித்தார். அந்தச் சேர்க்கை இன்றும் நல்ல சேர்க்கை. துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் பொருளாதாரத்தை எடுங்கள்.

ஆக

ஆசிரியராக வேண்டுமா, வரலாறு. வழக்கறிஞர் என்று உறுதியா, ஐந்தாண்டுச் சட்டம். மாநிலப் போட்டித் தேர்வா, தமிழ்வழியில் அரசியல் அறிவியலோ வரலாறோ, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அது. பொது நிர்வாகத்தை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆய்வோ வெளியுறவோ என்றால் ஆங்கிலவழியில் அரசியல் அறிவியல், முதுகலைக்குக் காலாப்பட்டோ ஹைதராபாத்தோ டெல்லியோ. இருபத்தொரு வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற வீடாக இருந்தால், இந்தப் பட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். குரூப் 4ஐயும் கணினியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள், காசு செலவில்லை. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறையாண்மை பற்றிய பாடத்தைப் படித்துப் பாருங்கள். பிறகு மே 1 அன்று ஊரில் நடக்கும் கிராம சபைக்குப் போங்கள். ஓட்டு வயது வராவிட்டால் ஓரமாக உட்காரலாம். யார் பேசினார்கள், யார் பேசாமல் இருந்தார்கள், பேசியதில் எது தீர்மான நோட்டில் ஏறியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டுமே சலிப்பூட்டினால் வேறு படிப்பைப் பாருங்கள். எழுதி முடித்தபின் அடுத்த சபை ஆகஸ்டு 15க்குத்தானா என்று தோன்றினால், அரசியல் அறிவியலுக்கே விண்ணப்பம் போடுங்கள்.